எரிவுக்கச்சை

உறையூர்ப் பள்ளியின் முன் தானோட்டி வண்டி நின்றபோதே, பாலக்கரைப் பள்ளித் தலைமையாசிரியை செலின் இடுப்பில் கட்டியிருந்த எரிவுக்கச்சையின் விளக்கு மஞ்சளாகிவிட்டது. அவர் இன்னும் அந்தப் பள்ளிக்குள் காலெடுத்து வைக்கவில்லை. சேர்க்கைக்காக வாசலில் நின்ற பெற்றோர் கூட்டத்தைப் பார்த்ததற்கே இந்த நிறம்.

"உள்ள போறதுக்கு முன்னாடியேவா, டீச்சரம்மா?" என்று சிரித்தார் தரக்காப்பு வாரியத்தின் அலுவலர் தாணுமூர்த்தி.

"வெயில் சார். அதான் சூடு."

"வெயிலுக்கெல்லாம் இது மசியாதும்மா."

அரசு கட்டடமும் செலவும் கொடுக்க, அறக்கட்டளைகள் நடத்தும் உடன்படிக்கைப் பள்ளிகள் திருச்சியில் பெருகியிருந்தன. அவற்றை எப்படிக் கண்காணிப்பது என்று வாரியம் நெடுங்காலம் தவித்தது. தேர்வு வைத்தார்கள், பள்ளிகள் தேர்வுக்கு மட்டும் பாடம் நடத்தின. திடீர்ச் சோதனை நடத்தினார்கள்; அந்தத் திடீர் எப்போது வரும் என்பது முதல் நாளே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பெற்றோரிடம் வாக்கெடுத்தார்கள், பிரியாணிப் பொட்டலம் ஜெயித்தது. கடைசியில், பொறாமைப்படும்போது குடல் நரம்புகளில் ஒரு தனிச் சூடு பிறக்கிறது, அது கோபத்திலோ பயத்திலோ பிறப்பதில்லை என்று ஒரு மருத்துவக் குழு கண்டுபிடித்தது. வாரியம் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. ஒரு பள்ளி நல்ல பள்ளியா என்பது இன்னொரு பள்ளியின் தலைமையாசிரியருக்கு நன்றாகவே தெரியும். அவர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். வயிறு சொல்லிவிடும்.

ஆண்டுக்கொரு பார்வை நாள். போட்டிப் பள்ளியின் தலைமையாசிரியர் கச்சை கட்டிக்கொண்டு வந்து சுற்றிப் பார்ப்பார். வெறும் பேச்சைக் கேட்டு எரிந்த வயிறு நேரில் பார்த்ததும் அடங்கிவிடலாம் என்பதால், கிளம்பும்போது இருக்கும் நிறம்தான் கணக்கு. சிவப்பு என்றால் பாராட்டு. மஞ்சள் என்றால் உடன்படிக்கை நீளும். வெள்ளை என்றால் அங்கே பொறாமைப்பட எதுவும் இல்லை என்று பொருள். பள்ளியைக் கலைத்து, அதன் பிள்ளைகளை, பார்வையிட வந்தவரின் பள்ளியிடமே ஒப்படைத்துவிடுவார்கள்.

செலின் வெள்ளையைத்தான் விரும்பி வந்திருந்தார். வயிற்றைக் குளிர்விக்கக் காலையிலிருந்து நீர்மோராகக் குடித்திருந்தார். அவருடைய பாலக்கரைப் பள்ளியில் வகுப்புகள் காலியாகிக்கொண்டிருந்தன. ஒரு காலத்தில் அவருக்குக் கீழே கணக்கு டீச்சராக இருந்த மெஹருன்னிசாதான், பழைய சுருட்டுக் கம்பெனிக் கட்டடத்தில் இந்தப் பள்ளியைத் தொடங்கிப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்றால், "நம்ம பையனுக்கும் மெஹர் டீச்சர்கிட்டயே இடம் கிடைச்சிருச்சு" என்று காதுபடப் பேசினார்கள். அந்த நாட்களில் செலினுக்குச் சோறு இறங்காது.

"வாங்கக்கா" என்று மெஹர் ஓடி வந்தாள். "காபி குடிச்சிட்டுப் பாக்கலாமா?"

"வேண்டாம். வேலை இருக்கு."

மாடியில் பிள்ளைகளே வளர்த்த காய்கறித் தோட்டம். விளக்கு ஆரஞ்சுக்குப் போனது. மதிய உணவுக் கூடத்தில், பாலக்கரையிலிருந்து விலகி வந்த ஆசிரியை ஒருத்தி பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்தாள். விளக்கு சிவந்தது. செலின் முந்தானையை இழுத்துக் கச்சையை மூடினார்.

"மூடக்கூடாதும்மா" என்றார் தாணுமூர்த்தி.

கடைசியாக ஐந்தாம் வகுப்பு. மெஹரே பாடம் எடுத்தாள். கரும்பலகை முன் நின்ற நித்திலா என்ற சிறுமியிடம் ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டாள்.

"அம்பத்து நாலு" என்றாள் நித்திலா. சொன்னதுமே தவறு என்று தெரிந்து அவளுடைய தோள்கள் தொங்கிப்போயின.

மெஹர் திருத்தவில்லை. வகுப்பைப் பார்த்துத் திரும்பினாள். "அம்பத்து நாலு நம்ம வீட்டுக்கு வழி தவறி வந்துருச்சு. பாவம். அதைக் கொண்டுபோய் விடணும். அது வீடு எது?"

"ஆறொன்பது!"

"ரெண்டு இருபத்தேழு!"

"அறுபதுல ஆறு போச்சு டீச்சர்!"

ஒவ்வொரு விடைக்கும் நித்திலா பலகையில் ஒரு வீடு வரைந்தாள். தொங்கிய தோள்கள் நிமிர்ந்தன. வழி தவறி வந்த விருந்தாளியைக் கூட்டிவந்தவளே அவள்தான் அல்லவா! வேறு வீடு உண்டா என்று மெஹர் கேட்டபோது வகுப்பு யோசித்தது. பின்பக்கத்திலிருந்து ஒரு கை உயர்ந்தது.

"நூத்தியெட்டுல பாதி!" என்றார் செலின்.

பிள்ளைகள் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். நித்திலா அவருக்காக மாடி வைத்த வீடாக வரைந்தாள். "ஏழெட்டு எங்க இருக்கும்?" என்று மெஹர் கேட்டபோது, அவள் விரலால் எண்ணிப் பார்த்து, "இங்கிருந்து ரெண்டு வீடு தள்ளி. அம்பத்தாறு!" என்று துள்ளினாள். செலின் வாய்விட்டுச் சிரித்தார்.

வாசலுக்கு வந்தபோதும் அந்தச் சிரிப்பு முகத்தில் இருந்தது. தாணுமூர்த்தி கச்சையைக் குனிந்து பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார்.

"வெள்ளை" என்றார்.

மெஹர் பள்ளிக் கட்டடத்தைத் திரும்பிப் பார்த்தாள். செலினுக்குப் புரியவே சற்று நேரமாயிற்று. காலையில் கேட்டு வந்த வரம் கையில் விழுந்திருந்தது. ஆனால் அதை வாங்கிக்கொள்ள இப்போது கை நீளவில்லை.

"கருவி பழுது சார்" என்றார்.

"பாத்துருவோம். பள்ளிக்கூடத்தை விடுங்க. உங்களுக்கு வயித்தெரிச்சல் தர்ற வேற எதையாவது நினைங்க."

செலின் தில்லைநகரில் நாத்தனார் புதிதாகக் கட்டிய மாடியை நினைத்தார். விளக்கு பளிச்சென்று மஞ்சளானது.

"கருவி நல்லாத்தான் இருக்கு. இப்ப இந்தப் பள்ளிக்கூடத்தைப் பாருங்க."

பார்த்தார். வெள்ளை.

"சார், இது நல்ல பள்ளிக்கூடம். அவ்வளவு நல்லா இருந்ததாலதான் எனக்கு எரியல. சந்தோஷமா இருந்துச்சு சார்!"

"வாய் என்ன வேணா சொல்லும் டீச்சரம்மா. அதுக்காகத்தானே கச்சையே வந்துச்சு." அவர் கெட்டவர் அல்ல. கொஞ்சம் யோசித்துவிட்டு, "விதிப்படி இன்னொரு சுத்து அனுமதி உண்டு. போயிட்டு வாங்க" என்றார்.

செலினும் மெஹரும் மறுபடி நடந்தார்கள். மெஹர் அவர் காதோரம் கிசுகிசுத்தாள். "அக்கா, கொஞ்சமாவது எரியுங்கக்கா. உங்க பிள்ளைங்களை நாங்கதான் இழுத்துக்கிட்டோம்."

"தெரியும்டி."

"உங்க கணக்குப் பாடம் கேட்டா தூக்கம் வரும்னு ஊரே சொல்லுது."

"அதுவும் தெரியும்."

"ஆயரே போன மாசம் என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினாரு. உங்களை எப்பவாவது கூப்பிட்டாரா?"

செலினுக்குச் சுருக்கென்றது. இருவரும் ஆவலோடு விளக்கைக் குனிந்து பார்த்தார்கள். கோபம் மட்டும்தான் போலிருக்கிறது; நிறம் மாறவில்லை. ஐந்தாம் வகுப்பின் ஜன்னலருகே வந்தபோது, உள்ளே இன்னொரு தவறான விடைக்கு வீடு தேடிக்கொண்டிருந்தார்கள். செலின் கண்ணை மூடிக்கொண்டார். ஆண்டவரே, இந்தப் பாவத்தை எடுத்துவிடும் என்று எத்தனையோ முறை உம்மிடம் அழுதிருக்கிறேன். இன்றைக்கு ஒரே ஒரு நாள் அதைத் திருப்பிக் கொடும். மஞ்சள் போதும். இந்தப் பிள்ளைகளுக்காக.

கண்ணைத் திறந்தார். விளக்கு பால் போல வெள்ளையாக இருந்தது.

"என்னை மன்னிச்சிரு மெஹர்" என்றார். "பிள்ளைங்க தனியா வரவேண்டாம். நீயும் வா. உன் டீச்சருங்களையும் கூட்டிட்டு வா. பாடம் எப்படி நடத்தணும்னு நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

"உங்க மனசைப் பாத்தா இப்ப எனக்குத்தான்கா எரியுது" என்று சொல்லிவிட்டு, மெஹர் அழுதபடியே சிரித்தாள்.

உறையூர்ப் பள்ளி கலைந்தது. பாலக்கரையில் காலியாகக் கிடந்த வகுப்புகள் நிறைந்தன. மாடியில் வெண்டைக்காய் காய்த்தது. செலினே பல நாள் ஐந்தாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு உட்கார்ந்து கை உயர்த்தினார்.

அடுத்த பார்வை நாளுக்கு ஸ்ரீரங்கத்துப் பள்ளியின் தலைமையாசிரியை வைதேகி வந்தார். வரும்போதே கச்சை செக்கச்செவேலென்று இருந்தது. வாசலில் வணக்கம்கூடச் சொல்லவில்லை. மெஹரின் வகுப்புக்குள் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. தாணுமூர்த்தி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். வைதேகி கையில் சுண்ணக்கட்டியோடு பலகை முன் நின்று, பிள்ளைகள் சொல்லச் சொல்ல ஏதோ வரைந்துகொண்டிருந்தார். இடுப்பில் விளக்கு வெள்ளையாக இருந்தது.

"என்னம்மா இது!" தாணுமூர்த்திக்கு உண்மையிலேயே வருத்தம். "போன வருஷம் உறையூர், இந்த வருஷம் நீங்க. திருச்சியில பள்ளிக்கூடங்களோட தரம் விழுந்துக்கிட்டே போகுதுன்னு மேலிடத்துல ரொம்பக் கவலைப்படுறாங்க. உங்க நாற்காலியும் போயிரும்."

செலின் ஒரு கணம் தன் அறையின் கதவைப் பார்த்தார். இத்தனை ஆண்டுகள் உட்கார்ந்த அறை. பிறகு கேட்டார். "பிள்ளைங்களும் மெஹரும் எங்க போவாங்க?"

"வைதேகி மேடம் டீச்சருங்களையும் எடுத்துக்கிறதா இருந்தா, எல்லாரும் ஸ்ரீரங்கத்துக்குத்தான்."

"எடுத்துக்குவாங்க. அவங்க முகத்தைப் பாத்தாலே தெரியுது. அடுத்த வருஷம் ஸ்ரீரங்கத்தைப் பாக்க யாரு வருவாங்க?"

"கே.கே.நகர் பள்ளிக்கூடத்து ஹெட் டீச்சர். ஏம்மா?"

செலின் கலைப்பு உத்தரவுக்கான கையொப்பப் பலகையை அவரிடமிருந்து தானே வாங்கி, விரலை அழுத்தினார்.

"அந்த டீச்சரைச் சீக்கிரமா அனுப்பி வைங்க சார்."