பதினோராம் மாடிச் சிவப்பு

கதவு திறந்ததும் சேந்தன் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிக் கழுத்தைக் காட்டினான். தொண்டைக்குழியில் பதித்திருந்த உணர்மணி சிவப்பாக எரிந்தது. சிவப்பு என்றால் காதல். மனைவி நிறைமதி பார்த்துத் தலையசைத்தாள். அதன் பிறகுதான் அவன் செருப்பைக் கழற்றினான். கடல்மேல் நகரத்தில் எல்லா வீடுகளிலும் மாலை இப்படித்தான் தொடங்கும்.

உணர்மணி மனத்தைப் படிப்பதில்லை. நாடித்துடிப்பு, வியர்வை, மூச்சு, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். பயத்திலும் கோபத்திலும் காதலிலும் இதயம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் அடித்துக்கொள்கிறது. எதிரே இருப்பது யார் என்று பார்த்து மூளை அதற்கொரு பெயர் வைக்கிறது. மணியும் அதையே செய்தது. எதிரே நாய் நின்றால் பயத்தின் நீலம், துணை நின்றால் சிவப்பு, இதயம் வேகமெடுக்காவிட்டால் வெறும் சாம்பல். எல்லோரும் இதைப் பள்ளியில் படித்திருந்தார்கள். தேர்வோடு மறந்தும் விட்டார்கள்.

நிறைமதியை உறுத்தியது நிறமல்ல, வியர்வை. லிஃப்டில் வருகிறவனுக்கு முதுகு ஏன் நனைகிறது? அலுவலகத் தோழி பூங்கோதையிடம் சொன்னபோது அவள் சிரித்தாள்.

"வேர்த்து வர்ற புருஷன் நடுவுல எந்த மாடியில இறங்குறாருன்னு பாருடி."

ஏழாம் மாடியில் ஓர் இசை ஆசிரியை தனியாக இருந்தாள். நிறைமதிக்கு அதுவே போதுமாக இருந்தது. மணவிலக்கு மன்றத்துக்குப் போதாது. கையும் களவுமாகப் பிடித்துவிட்டு விண்ணப்பிப்பது என்று முடிவுசெய்தாள்.

மறுநாள் மாலை தரைத்தளத் தூணுக்குப் பின்னால் நின்றாள். சேந்தன் வந்தான். லிஃப்ட் திறந்தே இருந்தது. அவன் இருபுறமும் பார்த்துவிட்டுப் படிக்கட்டுக் கதவைத் தள்ளினான். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவளும் பின்னால் ஏறினாள். மேலே அவன் ஓடும் சத்தம் கேட்டது. அவளும் ஓடினாள். ஏழாம் மாடி வந்தது. அவன் நிற்கவில்லை.

அவர்கள் வீடு இருந்த பதினோராம் மாடியில், படிக்கட்டின் முடிவில், அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க நின்றான். வேறு யாரும் இல்லை.

"இங்க என்ன பண்றீங்க?"

அவன் மறைக்கவில்லை. லிஃப்டில் வந்தால் மணி சாம்பல் நிறத்திலேயே கிடக்கிறது என்றான். முதன்முதலாக அந்தச் சாம்பலைப் பார்த்த அன்று அவள் சாப்பிடாமல் படுத்ததை நினைவுபடுத்தினான். அதற்கடுத்த நாளிலிருந்துதான் படியேறுகிறானாம்.

"அப்போ இத்தனை நாள் நான் பார்த்தது படிக்கட்டையா?"

இதயம் காதுக்குள் அடித்தது. இவனை விட்டுவிட வேண்டும் என்று நினைத்தபோதே எதிர்ச்சுவரில் செம்மை படர்வதைக் கண்டாள். அது அவள் கழுத்திலிருந்து வந்தது. மணியைத் தொட்டுப் பார்த்தாள். கோபம் அப்படியே வடிந்தது. இவ்வளவுக்குப் பிறகும் இவனைக் காதலிக்கிறேனே என்று கண் கலங்கியது.

சேந்தன் அவள் கையிலிருந்த செருப்பைப் பார்த்தான்.

"மதி, நீயும் படியேறித்தானே வந்தே?"

"அது வேற," என்றாள் அவள். "என்னோடது நிஜம்."