வகிடு விரிந்த நாள்

விண்கப்பலின் துயில்பெட்டியிலிருந்து எழுந்தவர் கஞ்சி குடிக்குமுன் ஒரு வேலை செய்ய வேண்டும். சாளரத்தில் வகிட்டைப் பார்த்து, பதிவேட்டில் ‘பார்த்தேன்’ என்று எழுத வேண்டும்.

வகிடு ஒரு சுருள் விண்மீன் மண்டலம். மூன்று கோடி ஒளியாண்டுக்கு அப்பால் விளிம்பை மட்டும் காட்டிக்கொண்டு கிடக்கிறது. வெளிச்சக் கீற்றின் நடுவே கரிய தூசிக்கோடு, அதனால் அந்தப் பெயர். கப்பல் போகவேண்டிய சில ஆயிரம் ஒளியாண்டுக்கெல்லாம் அவ்வளவு தூரத்துப் பொருளின் கோணம் மாறாது. எட்டாம் ஆண்டுவரை வேகம் கூட்டிக்கொண்டே போகும் கப்பல், பின்முகமாகத் திரும்பி வேகத்தைக் குறைக்கும்போது, வகிடு இடது சாளரத்திலிருந்து வலதுக்கு வந்துவிடும். கப்பல் திரும்பியதா என்று, கணினியை நம்பாமல் மனிதக் கண்ணால் பார்க்கத்தான் அப்போது ஓர் ஆளை எழுப்ப ஏற்பாடு செய்திருந்தார்கள், கப்பலை அனுப்பியவர்கள். மனிதர்களை நம்பியது அவர்கள் தவறு.

பதினாறாம் ஆண்டு, தரையிறங்கும் நாளில் எழுந்த இசக்கியம்மாள் வலது சாளரத்துக்குப் போனாள். வெறும் இருட்டு. முன்பே விழித்திருந்த செலஸ்டின் இடது சாளரத்தருகே நின்றான்.

“யக்கா, இங்கன வாங்க. இது வகிடுதானா?”

கோடு நீள்வட்டமாகத் திறந்திருந்தது. சுருள் கைகள்கூடத் தெரிந்தன. அழகாகத்தான் இருந்தது.

“அது சாஞ்சிட்டாக்கா?”

“அது சாயாது. நாமதான் தள்ளி வந்துட்டோம். எழுவது லட்சம் ஒளியாண்டு இருக்கும்.”

“எட்டு வருசத்துலயா?”

“நமக்குத்தான் எட்டு. வேகம் கூடக்கூட நம்ம கடிகாரம் மெதுவாயிரும். வெளிய எழுவது லட்சம் வருசம் போயிட்டு.”

“அப்ப கப்பல் திரும்பவே இல்ல!” செலஸ்டின் பதிவேட்டைத் திறந்தான். “எட்டாம் வருசம் எவன் பாத்தான்? அவன் மட்டும் என் கையில கெடைச்சான்னா...”

“நான்தான்.”

அவன் அவளையே பார்த்தான்.

“பாக்கல. பாத்தேன்னு எழுதிட்டேன். மகளுக்குச் செய்தி பேசிட்டிருந்தேன்.”

மகள் நிறைமதி, ஒரு மணி நேரம் பின்னால் வந்த இரண்டாவது கப்பலில் இருந்தாள். அது சரியாகத் திரும்பியிருக்கும். சரியாக இறங்கியும் இருக்கும்.

செலஸ்டின் எட்டாம் ஆண்டுச் செய்திப் பதிவை ஓடவிட்டான். இசக்கியம்மாளின் குரல்தான், தூக்கக் கலக்கத்தோடு: “ஒரு மணி நேரம் முந்தியே எறங்கிருவேன்ட்டி. நான் வந்து கூட்டிட்டுப் போறவரைக்கும் கப்பலடிய விட்டு நகராத.”

அடுத்து மகளின் பதில் ஒலித்தது.

“சரிம்மா. நகரமாட்டேன்.”