மூன்றுக்கு மேல் இடமில்லை

நகல் அசலைவிடப் பெரியதாக இருந்தது. இரண்டு ஒலிப்பதிவுகள் கூடுதல். அப்படி இருக்க வழியே இல்லை. இணையதளத்தில் இருப்பதைத்தான் அவள் கணினி ஒவ்வோர் இரவும் நகலெடுக்கும். இல்லாததை எங்கிருந்து எடுக்கும்?

அவளுக்குப் பதினாறு வயது. தூக்கம் வராதவர்கள் கூடும் அந்த இணையதளத்தைச் சம்பளமில்லாமல் நடத்தும் ஏழு பேரில் அவள்தான் கடைக்குட்டி. உறுப்பினர்கள் தங்கள் வீட்டு இரவைப் பதிவு செய்து அனுப்புவார்கள். சொட்டும் குழாய், சுற்றும் மின்விசிறி, ஜன்னலில் மழை. எங்கோ ஒருவர் அதைக் கேட்டுக்கொண்டே கண் அயர்வார். பத்து வருடத்து இரவுகள் அப்படிச் சேர்ந்திருந்தன. அவை தொலையாமல் காப்பது அவள் பொறுப்பு.

போன மாதம் சேமிப்பிடத்தின் வாடகை ஏறியது. வரவு செலவு பார்ப்பவரை எல்லோரும் 'கருமி அண்ணன்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"உன் வீட்டுப் பழைய கணினியிலேயே வச்சுக்கம்மா. மூணு நாள் நகல் போதும். நாலாவது வந்தா மூத்தது மூட்டையைக் கட்டிடணும். நாம என்ன சத்திரமா நடத்துறோம்?" என்றார் அவர், குழு அழைப்பில்.

"அண்ணா, ஏதாவது கெட்டது உள்ள நுழைஞ்சு, நாம லேட்டா கண்டுபிடிச்சா? அதுக்குள்ள நல்ல நகல் எல்லாம் போயிருக்குமே."

"முழிச்சிருந்து பாத்துக்கோ. உனக்குத்தான் தூக்கமே வராதே."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான். அன்றே விதியை எழுதினாள். மூன்றுக்கு மேல் போனால், மூத்ததை நீக்கு.

இப்போது திரையில் மூன்று நகல்கள். முதலாவது சுத்தம். முந்தாநாள் எடுத்ததில் ஒரு பதிவு கூடுதல். நேற்று எடுத்ததில் இரண்டு. அனுப்பியவர் பெயர் எதிலும் இல்லை. நாலாவது நகல் பாதி ஏறியிருந்தது.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு முந்தாநாள் பதிவை ஓடவிட்டாள். ஃபிரிட்ஜின் தாழ்ந்த உறுமல், அதன்மேல் ஏறி இறங்கும் ஒரு குறட்டை, குறட்டையின் முடிவில் கொதிக்கும் கெட்டில் போல ஒரு சின்ன விசில், அருகில் யாரோ பல்லை நறநறவென்று கடிக்கும் ஓசை, சுற்றுக்கு ஒருமுறை டக்கென்று தட்டும் மேசை விசிறி. விசில் அப்பாவுடையது. பல் கடிப்பது, அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் இப்போதும் கடித்துக்கொண்டிருக்கும் தம்பி. விசிறி அவள் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. இந்த வீட்டை அவள் ஒருநாளும் பதிவு செய்ததில்லை.

பிறகு, வாசல் கதவுக்கு வெளியே, யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். விடவில்லை. மறுபடி இழுத்தார்கள்.

நேற்றைய பதிவில் அந்த மூச்சு கதவுக்கு உள்ளே இருந்தது. செருப்பு அடுக்கின் பலகை கிரீச்சிட்டது. நடைவழியில் எதுவோ நின்று நின்று வந்தது.

அறைக் கதவு திறந்தது. அவள் நாற்காலியோடு துள்ளினாள்.

"இன்னும் படுக்கலையா நீ?" கையில் தண்ணீர்க் குவளையோடு அப்பா. "அந்தப் பெட்டியை அணைச்சுத் தொலை. கரண்டு பில்லை உங்க கருமி அண்ணனா கட்டப்போறார்?"

"அப்பா... இப்ப நம்ம வீட்டுல எத்தனை பேர் இருக்கோம்?"

"கணக்குல அவ்வளவு வீக்கா? அம்மா நைட் டியூட்டி. நீ, நான், பல்லு மிஷினு. மூணு." சிரித்துக்கொண்டே திரும்பினார். பிறகு நின்று மூக்கை உறிஞ்சினார். "நடைவழில என்ன வாடை? ஈரத் துணியை எங்கயாவது சுருட்டிப் போட்டிருக்கியா?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள். வாயைத் திறந்தாள். சொன்னால் சிரிப்பார். அவர் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் குறட்டை. விசில்.

நகல் தொண்ணூறு சதவீதத்தைத் தொட்டது.

மூன்று பேர். நாலாவதாக ஒன்று நடைவழி வரை வந்துவிட்டது. நாலாவது வந்தால் மூத்தது போக வேண்டும். அவளே எழுதியது. வீட்டில் மூத்தது யார்?

விதியில் இருந்த மூன்றை அழித்து நான்கு என்று தட்டினாள். இடமில்லை என்றது கணினி. மறுபடி தட்டினாள். இடமில்லை. தொண்ணூற்றேழு. மேசைக்கடியில் குனிந்து மின்கம்பியைப் பிடுங்கினாள்.

திரை செத்தது.

இருட்டு. ஈரத் துணியின் வாடை.

ஹெட்போன் நிற்கவில்லை.

ஃபிரிட்ஜ். பல். விசிறியின் டக். குறட்டை, விசில். குறட்டை, விசில். அதற்கு மிக அருகில், தலையணை அளவு அருகில், உள்ளே இழுக்கும் ஒரு மூச்சு.

குறட்டை.

விசில் வரவில்லை.

காத்திருந்தாள். வரவில்லை.

ஹெட்போனைக் கழற்றி எறிந்தாள். வெறுங்கால். நடைவழித் தரை நனைந்திருந்தது. அப்பாவின் அறைக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. ஜன்னல் வழியே தெருவிளக்கு. குவளை. மூக்குக் கண்ணாடி. கட்டிலில் தலைவரை இழுத்துப் போர்த்திய உருவம்.

"அப்பா."

போர்வை மெல்ல உயர்ந்தது.

தாழவில்லை.

மறுபடி உயர்ந்தது.