ரொட்டியாகாமல் தப்பிய வேர்

எங்கள் வீட்டில் மக்காச்சோளத்தைத் தண்ணீரில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. யார் கண்ணில் பட்டாலும் ஒரு கை சுண்ணாம்பை அள்ளிப் போட்டு, அடுப்பில் ஏற்றிவிடுவார்கள். மெக்சிகோவில், எங்கள் ஓஹாகா மலையில் எந்த வீட்டிலும் இதே கதைதான். சுண்ணாம்புத் தண்ணீரில் சோளத்தை வேகவைத்து, தோலைக் கழுவி, அரைத்தால்தான் ரொட்டி. வேறு எதற்காகச் சோளத்தை ஊறவைப்பார்கள்?

எனக்கு வேண்டியது ரொட்டி இல்லை, வேர்.

எங்கிராசியா டீச்சர் நகரத்துப் பள்ளியிலிருந்து ஒரு நுண்ணோக்கியை இரவல் வாங்கி வந்திருந்தார். சோள வேரின் நுனியை நசுக்கிச் சாயம் ஏற்றிப் பார்த்தால், ஒரு செல் இரண்டாகப் பிரிவது தெரியுமாம்.

"வேர் நீளமாகுறது அப்படித்தான். நீங்க வளர்றதும் அப்படித்தான்" என்றார்.

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எனக்குள் எனக்கே சொல்லாமல் இப்படி ஒரு வேலை நடக்கிறதா? அதைப் பார்த்தே ஆக வேண்டும். ஆனால் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மதியம் வண்டி வந்து நுண்ணோக்கியைத் திரும்ப எடுத்துப் போய்விடும்.

முதல் தடவை ஊறவைத்த சோளத்தை அம்மா வேகவைத்துவிட்டாள்.

"அம்மா, அது பள்ளிக்கூடத்துச் சோளம்மா" என்றேன்.

"பள்ளிக்கூடத்துச் சோளம் மட்டும் வேகாதா? நல்லாத்தானே வெந்திருக்கு. சாப்பிடு."

இரண்டாம் தடவை அம்மாவிடம் படித்துப் படித்துச் சொல்லிவைத்தேன். அவள் தொடவே இல்லை. அம்மா களைத்துப் படுத்திருக்கிறாளே என்று, பாவம், அப்பா வேகவைத்தார். ஒரு நாளும் அடுப்பைப் பார்க்காத மனிதர். யாரைத் திட்டுவது? எல்லாரும் நல்லவர்களாக இருந்தால் திட்டக்கூட முடியாது.

மூன்றாம் தடவை சோளத்தை என் ஜோடி ஃபவுஸ்தோவிடம் கொடுத்தேன். டீச்சர் எங்களை இருவர் இருவராகப் பிரித்திருந்தார். எனக்கு வாய்த்தது இவன்.

"எங்க வீட்டுல யாரும் தொட முடியாது ஒதீலியா. பாட்டில்ல போட்டு, வாய் வரைக்கும் தண்ணி ஊத்தி, மூடியை இறுக்கித் திருகிட்டேன்" என்றான் பெருமையாக.

திறந்தால் புளித்த நாற்றம். டீச்சர் மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

"விதையும் மூச்சு விடும்டா. உள்ள இருக்கிற மாவைச் சர்க்கரையாக்கி, காத்தை இழுத்துத்தான் வேர் விடும். இது மூச்சு முட்டியே செத்துருச்சு."

"நான் பத்திரமா வெச்சேன் டீச்சர்."

"ரொம்பவே பத்திரம்" என்றேன் நான்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தேன். சோளம் தண்ணீரில் கிடப்பதைப் பார்த்தால்தானே சுண்ணாம்பு போடுகிறார்கள்? பார்க்காவிட்டால்? பழைய சட்டையின் கையை வெட்டி நனைத்து, அதற்குள் சோளத்தைப் பரப்பி, தளர்வாகச் சுருட்டிப் பள்ளிப் பையில் வைத்துக்கொண்டேன். நான் தண்ணீர் குடிக்கும் போதெல்லாம் அதற்கும் கொஞ்சம் தெளித்தேன். கணக்குப் புத்தகம் நனைந்தது. அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

வியாழக்கிழமை சட்டைக் கைக்குள் வெள்ளை வெள்ளையாக வேர்கள். ஒன்றே ஒன்று மட்டும் மந்தமாக, நகக்கண் அளவுதான் நீட்டியிருந்தது.

வெள்ளிக்கிழமைக்குள் மற்ற ஜோடிகள் எல்லாம் தோற்றிருந்தன. பாதிப் பேரின் சோளம் ரொட்டியாகிவிட்டது. மீதிப் பேர் கண்ணாடித் தகட்டில் வேரை வைத்து அழுத்திய அழுத்தில் கூழாகிவிட்டது. வகுப்பே எங்களைத்தான் நம்பியிருந்தது. வேரை இளக்க நான் வினிகரைச் சுடவைத்துக்கொண்டு திரும்பினால், ஃபவுஸ்தோ வேர்களைக் கழுவி வரிசையாக அடுக்கியிருந்தான்.

"என்னடா இது, எல்லாம் மொட்டையா இருக்கு?"

"நுனியெல்லாம் மஞ்சளா, அழுக்கா இருந்துச்சு. கிள்ளி வெளிய போட்டுட்டேன். வெங்காயத்துக்கு அப்படித்தானே செய்வோம்?"

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக் கோழி ஒன்று நல்ல திருப்தியாக நடந்துகொண்டிருந்தது.

"நுனிதானேடா வேணும். நுனிதான். அங்கதான் செல் பிரியும்னு டீச்சர் தொண்டை கிழியக் கத்துனாங்களே. அப்ப உன் காது எங்கடா போச்சு?"

அவன் உதடு துடித்தது. வெளியே வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது. டீச்சர் ஓட்டுநரிடம் கெஞ்சப் போனார்.

அப்போதுதான் அந்த மந்தமான விதை ஓரத்தில் கிடப்பதைப் பார்த்தேன். கழுவக்கூட லாயக்கில்லை என்று அதை விட்டுவைத்திருக்கிறான். நகக்கண் அளவு வேர். அவ்வளவும் நுனி.

மெதுவாக வெட்டி, சுடுவினிகரில் போட்டு, மாட்டுப் புண்ணுக்குத் தடவும் ஊதா மருந்தால் சாயம் ஏற்றினேன். தகட்டில் வைத்து, மேலே மெல்லிய கண்ணாடியை மூடினேன். இனி விரலால் அழுத்த வேண்டும். அழுத்தம் குறைந்தால் செல் பரவாது. விரல் வழுக்கினால் கூழ்தான்.

என் கை நடுங்கியது. கோபம்தான். இந்தக் கையால் அழுத்தினால் என்ன ஆகும் என்று எனக்கே தெரிந்தது. ஃபவுஸ்தோவைப் பார்த்தேன். அவன் கண்ணில்தான் தண்ணீர். கை அசையாமல் மேசைமேல் இருந்தது.

"நீயே அழுத்து" என்றேன்.

"நானா? நான் தொட்டதெல்லாம்தான் கெட்டுப் போகுதே."

"என் கை ஆடுது. உன் கை ஆடலை. அழுதுக்கிட்டே அழுத்தாத, அவ்வளவுதான்."

அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினான். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

தகட்டை நுண்ணோக்கியில் வைத்துக் கண்ணைப் பொருத்தினேன். செல்கள் ஊதாப் பெட்டிகளாக வரிசை வரிசையாக இருந்தன. தகட்டை மெல்ல நகர்த்தினேன். ஒரு பெட்டிக்குள் மட்டும் நூல்கள் இரண்டு கொத்தாக விலகி, ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் நின்றன. ஒன்று இரண்டாகிக்கொண்டிருந்த நேரத்தில் அப்படியே நின்றுபோயிருந்தது.

எனக்குள்ளும் இதுதான் நடக்கிறது. இப்போது, இங்கே நிற்கும்போதே. மறுபடியும் ஹாரன் கேட்டது. ஃபவுஸ்தோவின் சட்டையைப் பிடித்து இழுத்து நுண்ணோக்கியின் முன் நிறுத்தினேன்.

"பாரு. நீ கோழிக்குப் போட்டது இதைத்தான்."

அவன் வெகுநேரம் பார்த்தான்.

"பாவம் ஒதீலியா, எவ்வளவு வேலை செஞ்சுக்கிட்டு இருந்திருக்கு" என்றான் சன்னமாக.

இத்தனை நாளில் அவன் சொன்ன சரியான வார்த்தை அது ஒன்றுதான். அதனால் அவனை இன்னும் கொஞ்ச நேரம் பார்க்க விட்டேன்.