விடுதலை உத்தரவு வந்த லைன்

பகல் பன்னிரண்டரை மணிக்குச் சிறையின் முன்வாசல் வழியாகவே ஒரு திருடன் வெளியே போனான். சுவரேறிக் குதிக்கவில்லை, கம்பியை அறுக்கவில்லை. காவலாளியே கதவைத் திறந்து, இனியாவது ஒழுங்காக இரு என்று புத்தியும் சொல்லி அனுப்பினார். கணினியில் விடுதலை உத்தரவு வந்திருந்தது. அப்படி ஓர் உத்தரவை எந்த நீதிபதியும் போடவே இல்லை என்பது மூன்று மணிக்குத்தான் தெரிந்தது.

நீதிமன்றத்தில் மெயின்ஃப்ரேம் என்னும் பெரிய கணினி ஒன்று, சிறையில் ஒரு மெயின்ஃப்ரேம், நடுவே ஒரே லைன். அது அனுப்பும், இது வாங்கும். பிறகென்ன, பழி நீதிமன்றக் கணினி அறையில் தனியாக வேலை பார்த்த பெண்ணின் தலையில் விழுந்தது. மாலைக்குள் அவளைக் கைது செய்யச் சொல்லி மேலிடம் குதித்தது. வீட்டில் அவளுக்கு இன்னும் பால்குடி மறக்காத குழந்தை.

இன்ஸ்பெக்டர் அம்மா யார் குதித்தாலும் அசைகிறவர் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். லைனை எப்படிக் கண்காணிப்பாய், காட்டு என்றார்.

அழுது வீங்கிய முகத்தோடு அவள் திரையைக் காட்டினாள். லைனைக் கடக்கும் ஒவ்வொரு தகவலையும் இரண்டு முனையும் தனித்தனியாக எண்ணும். சாயங்காலம் இரண்டு பக்கத்தாரும் போனில் பேசி எண்ணிக்கையை ஒத்துப்பார்ப்பது வழக்கம். இந்நேரத்துக்கு ஆயிரக்கணக்கில் ஓடியிருக்க வேண்டிய எண், சில நூறைத்தான் காட்டியது.

"ஏன் இவ்வளவு கம்மி?"

"லைன் விட்டுப்போய்த் திரும்ப வந்தா ரெண்டு பக்கமும் சைபர்லேர்ந்து ஆரம்பிக்கும்மா. சாப்பாட்டு நேரத்துல லைன் போச்சுன்னு மணி அடிச்சுது. கைகூடக் கழுவாம ஓடி வந்தேன், அதுக்குள்ள லைன் வந்திருச்சு."

மணி எப்போது அடிக்கும் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். லைன் தானாகப் பழுதானால் இரண்டு அறையிலும் அடிக்குமாம். ஒருவர் வேண்டுமென்றே நிறுத்தினால், நிறுத்தியவர் அறையில் அடிக்காது, எதிர்ப்பக்கம் மட்டும் அடிக்குமாம். பக்கத்து அறை டைப்பிஸ்ட்டும் அந்த மணியைக் கேட்டிருந்தார். கண் அசரும் நேரத்தில் காதைக் குடைந்துவிட்டது என்று புகார் வேறு.

நான்கரை மணிக்கு இன்ஸ்பெக்டர் சிறைக்குப் போனார். அங்கே கணினியைக் கவனிப்பவருக்குச் சங்கிலி என்று பட்டப்பெயர். தன் பொறுப்பில் லைன் அறுந்ததே இல்லை என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடிப்பார்.

"இன்னைக்கு லைன் எப்படி?"

"என் லைன் அறுந்ததா சரித்திரமே இல்லை மேடம். மணியே அடிக்கல. வேணும்னா வெளிய நிக்கிற காவலாளியைக் கேளுங்க."

கேட்டார். அடிக்கவில்லை என்று காவலாளியும் அடித்துச் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் திரையில் இருந்த எண்ணைத் தொட்டுக் காட்டினார். "அறுந்திருக்கு. இல்லேன்னா இது சில நூறுல நிக்காது. அங்க மணி அடிச்சுது, இங்க அடிக்கல. அப்படின்னா நிறுத்தினது நீங்கதான்."

சங்கிலி திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் விடவில்லை.

"அந்த உத்தரவு லைன் வழியா வரவே இல்ல. வந்த மாதிரி நீங்களே உள்ள போட்டுட்டீங்க. அதனால உங்க பக்கம் எண்ணிக்கையில ஒண்ணு கூடிப்போச்சு. சாயங்காலம் ஒத்துப்பாத்தா மாட்டிக்குவீங்க. அந்தப் பொண்ணு சாப்பிடப் போற நேரம் பாத்து லைனை நிறுத்தி ரெண்டு பக்கத்தையும் சைபராக்கினீங்க. தானா அறுந்துச்சு, இங்கயும் மணி அடிச்சுதுன்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேன். உங்க பெருமை விடல. அந்தத் திருடன் உங்களுக்கு யாரு?"

"சித்தி மகன். அப்பா பேர் வேற வேறங்கிறதால இங்க யாருக்கும் தெரியாது." என்றார் சங்கிலி. "சித்திதான் என்னை வளர்த்தாங்க. ஆஸ்பத்திரில இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்காங்க. பையனைக் கேட்டுக்கிட்டே இருக்காங்க. பாத்துட்டுத் திரும்பி வந்துடறேன்னு சத்தியம் பண்ணான்."

இன்ஸ்பெக்டர் முதலில் நீதிமன்றத்துக்குப் போன் போட்டு, அந்தப் பெண்ணை வீட்டுக்கு அனுப்பச் சொன்னார். மறுமுனையில் அவள் ஓவென்று அழுதது சங்கிலிக்கும் கேட்டது. அவர் தலை நிமிரவில்லை.

அடுத்து ஆஸ்பத்திரிக்கு ஓர் ஏட்டை அனுப்பினார். அரை மணியில் பதில் வந்தது. கேட்டுக்கொண்டு இன்ஸ்பெக்டர் போனை வைத்தார்.

"பாத்துட்டானா மேடம்?" என்று சங்கிலி கேட்டார்.

"அவன் அந்தப் பக்கமே போகலியாம். உங்க சித்தி முழிச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க. வாங்க, ஸ்டேஷன் போற வழியில நீங்க பாத்துட்டு வந்துடலாம்."