தோண்டி வைத்திருந்த அடுப்பு

படை அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. விடியல் சாம்பல் நிறத்தில் அப்படியே தேங்கி நின்றது. படை என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நனைந்த கோழிகளைப் போல ஒரு சிறு கூட்டம். அதற்கு முன்னால் நனையாத மேஜர் ஒருவர். குடை பிடிக்கத் தனியாக ஆள் வைத்திருந்தார்.

வீட்டுக்குக் கதவு இருந்தது, கூரை பாதி இருந்தது. இதற்கு முன் இங்கே காவல் இருந்த பிரிவு ஒழுங்காகப் பின்வாங்கிவிட்டதாகத் தலைமையகம் சொல்லியிருந்தது. பின்வாங்கியவர்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று கேட்பது ராணுவ மரியாதை ஆகாது. அநேகமாக எல்லோரும் உள்ளே போய் விழுந்த இடத்தில் தூங்கினார்கள்.

மேஜர் தூங்கவில்லை. இடுப்பில் கைவைத்து நின்றார்.

"காபி வெறும் பானம் இல்லப்பா. அது போர்த் தந்திரம்."

"ஆமா சார். எதிரிக்கும் ஒரு டம்ளர் குடுத்தா சண்டையே முடிஞ்சிரும்," என்று வாய்க்குள் முனகினான் கெட்டில்.

பிரிவுக்கே காபி போடுகிறவன் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். ரேடியோப் பெட்டியை முதுகில் சுமந்தபடி பக்கத்தில் நின்றவன் வயர்லெஸ், கெட்டிலின் மனைவிக்கு அண்ணன். கிளம்புகிற அன்று அவள் அழவில்லை. "எங்கண்ணன் இல்லாம நீங்க மட்டும் தனியா வந்து நிக்காதீங்க" என்று மட்டும் சொன்னாள். அழுதிருந்தால் கெட்டில் இவ்வளவு பயந்திருக்க மாட்டான்.

களத்தில் அடுப்பு போட ஒரு முறை உண்டு. தரையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குழி. ஒன்றில் தீ, மற்றதில் காற்று. அடியில் ஒரு சின்னச் சுரங்கம் இரண்டையும் சேர்க்கும். காற்று ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் நெருப்பை ஊதிவிடும். புகை அதிகம் எழாது, வெளிச்சமும் தூரத்துக்குத் தெரியாது. தோண்டி முடிப்பதற்குள் இடுப்பு கழன்றுவிடும். அதனால்தான் கொல்லைப்புறத்தில் யாரோ அழகாகத் தோண்டி வைத்திருந்த அடுப்பைக் கண்டதும் கெட்டிலுக்குச் சொந்த வீடு வாங்கிய மகிழ்ச்சி.

"அடுத்தவன் தோண்டின குழியில கைவைக்காத மாப்ள," என்றான் வயர்லெஸ். "தோண்டினவன் எங்கன்னு பாரு முதல்ல."

"பின்வாங்கிட்டான் மச்சான். ஒழுங்கா."

சுற்றிலும் சேறு. அந்தக் குழிகளுக்குள் மட்டும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. நல்ல வேலைப்பாடு என்று நினைத்துக்கொண்டான் கெட்டில்.

தீ பிடித்தது. தகர டப்பாவில் தண்ணீர் கொதித்தது. தூளை அள்ளிப் போட்டான். காற்றுக்குழியின் வாயில் ஒரு சருகு கிடந்தது. அது உள்ளே இழுபட்டது. சரி, காற்று அப்படித்தான் போகும்.

பிறகு சருகு வெளியே வந்தது.

உள்ளே. வெளியே.

தூங்குகிற ஆளின் மூக்குக்கு முன்னால் வைத்ததுபோல.

வெளியே வந்த காற்று வெதுவெதுப்பாக இருந்தது. பல நாள் துலக்காத வாயின் நாற்றம் அது. அதில் ஆறிப்போன காபியின் வாடையும் கலந்திருந்தது.

கெட்டில் அவசரமாக டப்பாவை இறக்கினான். மண்டி அடியில் தங்குவதற்காக ஒரு கை பச்சைத் தண்ணீர் தெளித்தான். எந்தக் காபியும் இதற்கு அடங்கிவிடும். இது அடங்கவில்லை. தீயை விட்டு இறக்கிய பிறகும் கறுப்பாகச் சுழன்றுகொண்டே இருந்தது.

முதல் குவளை காவலில் நிற்பவனுக்கு என்பது பிரிவின் வழக்கம். அன்று கொல்லைக் காவல் வயர்லெஸுக்கு. கெட்டில் தயங்கித் தயங்கித்தான் குவளையை நீட்டினான். நடுவில் மேஜரின் கை வந்து வாங்கிக்கொண்டது.

"தலைவன் முதல்ல ருசி பாக்கணும்," என்றார் அவர், வரலாற்றுக்கும் சேர்த்துக் கேட்கும்படி.

"சார், வேணாம். அது சரியில்ல."

குடித்தார்.

இருமினார். வாயிலிருந்து ஈர மண் உருண்டை உருண்டையாக வந்தது. விரலை விட்டுத் தோண்டினார். தோண்டத் தோண்ட வந்தது. மண்ணோடு பற்களும் விழுந்தன. மேஜரின் பற்கள் வாயிலேயே வரிசையாக இருந்தன.

விழுந்தவை வேறு யாருடையவையோ.

"தீய மூடு மாப்ள," என்றபடி வயர்லெஸ் ஓடிவந்து காலால் மண்ணைத் தள்ளினான்.

காற்றுக்குழியிலிருந்து ஒரு கை எழுந்து அவன் கணுக்காலைப் பிடித்தது.

முழங்கால்வரை உள்ளே போய்விட்டான். எலும்பு முறிந்த சத்தம் விறகு ஒடிகிற சத்தம் போலத்தான் கேட்டது. கெட்டில் மண்வெட்டியை ஓங்கி அந்த மணிக்கட்டில் இறக்கினான். மறுபடி இறக்கினான். சதை கிழிந்தது, எலும்பு நொறுங்கியது. ரத்தம் வரவில்லை. காபி மண்டி கசிந்தது. அந்தக் கை அறுந்ததும் அதற்குப் பின்னாலிருந்து இன்னொன்று பிடித்தது, பிறகு வேறொன்று. தரையைப் பிறாண்டிய வயர்லெஸின் நகங்கள் பிய்ந்து சேற்றில் கிடந்தன.

"விட்ராத மாப்ள."

"விடல மச்சான்."

குழிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. கோபமான குரல் அல்ல. களைத்த குரல்.

"மாத்து ஆள் வந்தாச்சா?"

கெட்டிலுக்கு அப்போதுதான் புரிந்தது. யாரும் பின்வாங்கவில்லை. காவல் மாற்ற ஆள் வராததால் கீழே இன்னும் நின்றுகொண்டிருக்கிறார்கள்.

வயர்லெஸைப் பார்த்தான். முட்டிபோட்டு மண் கக்கிக்கொண்டிருந்த மேஜரைப் பார்த்தான். யோசித்தான் என்று சொன்னால் அது பொய்.

"வந்தாச்சு," என்றான். "பெரிய ஆளாவே வந்திருக்காரு."

பிடி தளர்ந்தது.

காற்றுக்குழியின் வாய் ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவுதான். மேஜரோ தொப்பையும் தோளுமாக அகலமானவர். ஆனாலும் போனார். கைகள் முதலில் அவர் தோள்களை மடித்தன, பிறகு நெஞ்சுக்கூட்டை, பிறகு இடுப்பை, பாய் சுருட்டுவது போல. ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு முறிவு கேட்டது. கடைசிவரை ஏதோ கட்டளையிடப் பார்த்தார். வாய் நிறைய மண். பதக்கங்கள் மட்டும் விளிம்பில் உரசித் தெறித்து வெளியே விழுந்தன.

மேஜர் வீரமரணம் அடைந்தார் என்று தலைமையகம் அறிவித்தது. உடல் எங்கே என்று அதுவும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் வயர்லெஸின் காலை எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, எடுத்தவனைத் திட்டினார்.

"ரெண்டு பேர் எலும்ப ஒரே படத்துல எடுத்திருக்க. எவன்யா உனக்கு வேலை குடுத்தான்?"

உடைந்த கணுக்காலைச் சுற்றி, சதைக்கு உள்ளே, ஐந்து விரல் எலும்புகள் இறுகியிருந்தன.

மறுநாள் திரும்ப எடுத்தார்கள். இந்த முறை எக்ஸ்ரேக்காரன் படத்தை டாக்டரிடம் கொண்டுபோகவில்லை. கெட்டிலை வராந்தாவுக்குக் கூப்பிட்டுக் காட்டினான்.

"நேத்து கணுக்கால்ல இருந்துச்சுண்ணே."

விரல்கள் முழங்காலுக்கு மேலே இருந்தன.

கெட்டில் வார்டுக்கு ஓடினான். வயர்லெஸ் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

"மாப்ள," என்றான் மெதுவாக. "கீழ நெறைய பேரு இருந்தாங்க. நாம ஒருத்தருக்குத்தானே ஆள் அனுப்பினோம்."

கெட்டில் போர்வையை விலக்கினான்.

வயிற்றுத் தோலுக்கு அடியில் ஐந்து மேடுகள் விரிந்து ஊன்றியிருந்தன. அவற்றில் ஒன்று மட்டும் மெல்ல எழுந்து, உள்ளிருந்து, பொறுமையில்லாமல் தட்டியது.