கணினி பயன்பாட்டில் உள்ளது

மேல்மாடி ஹாலைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு கீழே தன் அறைக்கு வந்து அவள் நாற்காலியில் சாய்ந்தபோது, மேலே உள்ள கணினிகளின் பட்டியலைக் காட்டும் திரையில் ஒரே ஒரு கணினி மட்டும் வேலையை நிறுத்தி வைத்திருந்தது. ஜன்னலோரத்தில் இருக்கும் கணினி. மற்ற எல்லாவற்றுக்கும் எதிரே "ஓடுகிறது" என்று இருக்க, அதற்கு எதிரே மட்டும் "நிறுத்தம்: கணினி பயன்பாட்டில் உள்ளது" என்று இருந்தது.

ஹாலில் ஈ காக்கை கிடையாது. விளக்கை அணைத்துவிட்டு வந்தவளே அவள்தான்.

அலுவலகத்தில் அவளுக்குக் கேபிள் அக்கா என்று பெயர். எந்நேரமும் மேசைக்கு அடியில் தவழ்ந்துகொண்டு ஏதாவது ஒரு கேபிளை இழுத்துக்கொண்டிருப்பாள் என்பதால் வந்த பெயர். அந்தப் பெயரை வைத்தவர்களில் இப்போது பெரும்பாலும் யாரும் இல்லை. பயணிகளுக்குத் தொலைபேசியில் டிக்கெட் பதிவு செய்து தரும் கம்பெனி அது. மேல்மாடி ஹால் முழுக்க ஆட்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஷிப்ட் ஷிப்டாகப் பேசிய காலம் ஒன்று இருந்தது. தொழில் படுத்ததும் அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கணினிகளை மட்டும் அனுப்பவில்லை. அவற்றைக் கவனித்துக்கொண்ட மூன்று பேரில் இவள் ஒருத்திதான் மிஞ்சினாள். கூடவே மூன்று பேருடைய வேலையும் மிஞ்சியது.

சும்மா கிடக்கும் கணினிகளை மருத்துவ ஆராய்ச்சிக்கு இரவல் கொடுக்கலாம் என்று முதலாளியிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். ஒரு மென்பொருளைப் போட்டுவிட்டால் போதும். எங்கோ இருக்கும் ஆராய்ச்சிக்கூடம் பெரிய கணக்கு ஒன்றைத் துண்டு துண்டாக அனுப்பும், கணினி அதைப் போட்டு முடித்துத் திருப்பி அனுப்பும். "நல்ல காரியம்மா. நாலு பேருக்கு மருந்து கெடைக்கும்" என்றார் முதலாளி. மருந்து யாருக்குக் கிடைக்குமோ, முதுகுவலி அவளுக்குக் கிடைத்தது. எல்லாவற்றையும் கீழே தன் அறையிலிருந்தே இயக்குவதற்காக, ஒவ்வொரு கணினி முன்னாலும் உட்கார்ந்து பாஸ்வேர்ட் போட்டாள். தன் கணினியின் எண்ணை எழுதி, இதன் பேச்சை மட்டும் கேள் என்று சொல்லிவைத்தாள். ஃபயர்வாலில் வழி திறந்துவிட்டாள். அது முடிந்ததும் அடுத்த நாற்காலி, மறுபடி முதலிலிருந்து அதே வேலை. இன்று சாயங்காலம்தான் கடைசிக் கணினியை முடித்திருந்தாள். உடம்பு அடித்துப் போட்டதுபோல் கிடந்தது.

அந்த மென்பொருளுக்கு ஒரு நாகரிகம் உண்டு. யாராவது வந்து கீபோர்டையோ மவுஸையோ தொட்டால் உடனே ஒதுங்கிக்கொள்ளும். அவர்கள் கையை எடுத்து ஒரு நிமிடம் ஆன பிறகுதான் மறுபடி வேலையைத் தொடங்கும்.

மவுஸ் ஆடியிருக்கும் என்று நினைத்தாள். ஜன்னல் இடுக்கில் காற்று வந்திருக்கும், பல்லி ஏதாவது ஓடியிருக்கும். இந்த ஒன்றை இப்படியே விட்டுவிட்டுப் போனால் காலையில் முதலாளி வந்து திரையைப் பார்த்து, "ஏம்மா, ஒண்ணு மட்டும் தூங்குது?" என்பார். எழுந்தாள். முழங்கால் முனகியது.

ஹாலின் கதவைத் திறந்ததும், மூடிய அறையில் நாள் முழுக்க ஓடிய இயந்திரங்களின் வெக்கையும், சூடான தூசியும் பிளாஸ்டிக்கும் கலந்த வாசனையும் முகத்தில் வந்து மோதின. சுவரை ஒட்டிய இருட்டில் கணினிகளின் ஃபேன்கள் எல்லாம் ஒன்றுசேர்ந்து, கூட்டமாக உறங்குகிறவர்கள் மூச்சு விடுவதுபோல் இரைந்துகொண்டிருந்தன. அந்த இரைச்சலுக்கு நடுவே, ஜன்னல் பக்கம் மட்டும் ஓட்டை விழுந்ததுபோல் நிசப்தம். விளக்கைப் போட்டாள். யாரும் இல்லை. ஜன்னல் மூடித்தான் இருந்தது. நாற்காலி மட்டும் மேசையிலிருந்து கொஞ்சம் விலகி, ஓர் ஆள் உட்கார்ந்தால் வேண்டியிருக்கும் அளவுக்குத் தள்ளியிருந்தது.

நான்தான் உள்ளே தள்ளாமல் விட்டிருப்பேன். அப்படித்தான் இருக்கும்.

மவுஸைக் கவிழ்த்து வைத்தாள். கீபோர்டைத் தூக்கிச் சுவரில் சாய்த்து நிறுத்தினாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். அந்தக் கணினியின் ஃபேன் மெல்ல மூச்சிழுத்து மற்றவற்றோடு சேர்ந்துகொண்டது. அவளுக்கும் மூச்சு வந்தது. பூட்டிவிட்டுக் கதவை ஒருமுறை இழுத்தும் பார்த்துவிட்டுக் கீழே இறங்கினாள்.

திரையில் அது மறுபடி நின்றிருந்தது. பயன்பாட்டில் உள்ளது. அதற்குப் பக்கத்துக் கணினியும்.

தூக்கம் போய்விட்டது. தூரத்திலிருந்து இயக்கத்தானே இத்தனை பாடுபட்டோம் என்று நினைத்து, யார் தொட்டாலும் தொடாவிட்டாலும் ஓடிக்கொண்டே இரு என்று ஜன்னலோரக் கணினிக்கு இங்கிருந்தே கட்டளை அனுப்பினாள். "ஓடுகிறது" என்று மாறியது. தண்ணீர் பாட்டிலை எடுத்து வாயில் வைத்தாள். விழுங்குவதற்குள் பழையபடி நிறுத்தம். அவள் கொடுத்த கட்டளையை யாரோ மாற்றியிருந்தார்கள். மாற்ற வேண்டுமானால் ஒன்று அவளுடைய கணினியில் உட்கார வேண்டும். இல்லையென்றால் அங்கே, அந்த நாற்காலியில்.

இன்டர்காமை எடுத்தாள். வாசலில் வாட்ச்மேன்.

"அண்ணே, மேல யாராவது போனாங்களா?"

"யாரு போவா? எல்லாரும் கெளம்பி எவ்வளவு நேரமாச்சு. நீங்க ஒருத்தர்தான் பாக்கி. ஏன் மேடம்?"

"இல்ல, சும்மாதான்."

"முகமே சரியில்ல உங்களுக்கு. காலையிலயே பாத்தேன். வீட்டுக்குப் போயி நல்லாத் தூங்குங்க."

ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினாள். ஜன்னல் வரிசை முழுக்க நின்றிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த வரிசையில் ஒன்று. பிறகு இன்னொன்று. அவசரம் எதுவும் இல்லாமல், ஷிப்ட் தொடங்கும் நேரத்தில் ஆட்கள் வந்து, பையை மாட்டி, நாற்காலியை இழுத்துப் போட்டு ஒவ்வொருவராக உட்காருவார்களே, அந்த நிதானத்தில். தலைக்கு மேலே ஃபேன்களின் இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. அத்தனை நாளும் அவள் காதில் விழாத சத்தம் அது. குறையும்போதுதான் கேட்டது.

கடைசி வரியும் மாறியது. மேலே சத்தம் அடங்கிப்போனது.

கைப்பேசி அடித்தபோது உயிர் போய்த் திரும்பியது. கணவர்.

"எங்க இருக்க?"

"ஆபீஸ்லதாங்க. நீங்க வாசலுக்கு வந்துட்டீங்களா? இதோ இப்பவே இறங்குறேன்."

"நான் மேலயே வந்துட்டேன். ரொம்ப நேரமா வெளிய நின்னேன், நீ வர்ற மாதிரி தெரியல. மேல ஹால்ல இருப்பேன்னு சொன்னியே, லிஃப்ட்ல ஏறிட்டேன்."

சாவி அவள் சட்டைப் பையில் இருந்தது. தொட்டுப் பார்த்தாள்.

"கதவு பூட்டியிருக்குமே."

"இல்லையே, தெறந்துதான் இருக்கு. ஆமா, ஆளையெல்லாம் அனுப்பிட்டாங்கன்னு சொன்ன? ஹால் நெறைய ஆளா இருக்கு."

நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

"ஏங்க. உள்ள போகாதீங்க."

"எல்லாம் வேலையில மும்முரமா இருக்காங்க, ஒருத்தரும் நிமிரல. நீ ஏன் ஜன்னலைப் பாத்துட்டு உக்காந்திருக்க? கூப்புடுறேன், திரும்ப மாட்டேங்குற. போன்ல பேசுற, நேர்ல பேசமாட்டியா?" அவர் குரலில் லேசான சிரிப்பு இருந்தது.

"அது நான் இல்லைங்க."

"என்னது? சரியா கேக்கல. இரு, பக்கத்துல வரேன்."

"நான் கீழ இருக்கேன். கீழ என் ரூம்ல இருக்கேன். கேக்குதா? வெளிய வந்துருங்க."

அவருடைய செருப்புச் சத்தம் மட்டும். பிறகு நாற்காலி ஒன்று நகரும் ஓசை, கைப்பேசியிலும் தலைக்கு மேலேயும் ஒரே நேரத்தில். பிறகு ஒரு குரல். களைத்த குரல். பல நாள் சரியாகத் தூங்காத, தண்ணீர் குடிக்கக்கூட மறந்துபோன ஒருத்தியின் குரல்.

"முடிஞ்சுதுங்க. வாங்க, போலாம்."

அது அவளுடைய குரல்.

இணைப்பு அறுந்தது.

படிக்கட்டில் எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு செருப்பை எங்கோ விட்டுவிட்டு ஏறினாள். பாதிவழியில் சுவருக்கு அந்தப்பக்கம் லிஃப்ட் கீழே இறங்கும் சத்தம் கேட்டது. கத்தினாள். லிஃப்ட் நிற்கவில்லை. தொடர்ந்து இறங்கியது.

ஹால் கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. யாரும் இல்லை. நாற்காலிகள் எல்லாம் மேசையிலிருந்து விலகியிருந்தன, அதே அளவுக்கு. ஒரு ஃபேன்கூட ஓடவில்லை. ஆனாலும் ஹால் காலியாக இல்லை என்று அவள் தோலுக்குத் தெரிந்தது. நெருக்கமான கூட்டத்தில் நிற்கும்போது நான்கு பக்கமிருந்தும் வருமே ஒரு வெக்கை, அது இருந்தது. தோளை ஒடுக்கிக்கொண்டு வரிசைகளுக்கு நடுவே நடந்தாள். இடிக்காமல் போகவேண்டும்போல் இருந்தது. யாரை என்று தெரியவில்லை.

ஜன்னலுக்கு வந்தாள்.

கீழே தெருவிளக்கு வெளிச்சத்தில் கணவர் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டிருந்தார். வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டு எதையோ சொல்ல, அவர் தலையாட்டினார். பின்னால் ஒரு பெண் ஏறி உட்கார்ந்தாள். பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். வலது கையை அவர் தோளில் வைத்தாள். அந்தப் பெண் அணிந்திருந்த சட்டையைத்தான் இவளும் அணிந்திருந்தாள்.

கண்ணாடியில் அறைந்தாள். இரண்டு கையாலும் அறைந்தாள். வாட்ச்மேன் தலையைக்கூடத் தூக்கவில்லை. ஸ்கூட்டர் திருப்பத்தில் மறைந்தது. வாட்ச்மேன் கேட்டைச் சாத்தினார், பூட்டினார். உள்ளே வந்து விளக்குகளின் சுவிட்ச் பெட்டியைத் திறந்திருப்பார். விளக்குகள் வரிசை வரிசையாக அணைந்தன. கணினிகளின் திரைகள் மட்டும் எரிந்தன.

ஜன்னலோர நாற்காலியில் விழுந்தாள். இருக்கை சூடாக இருந்தது. எதிரே கீபோர்டு மேசைமேல் நேராகப் படுத்திருந்தது. மவுஸ் கைக்கு வாகாக வைக்கப்பட்டிருந்தது. அவளுக்கு எதிரே இருந்த அந்த ஒரே கணினியின் ஃபேன் மெல்ல மூச்சிழுத்து ஓடத் தொடங்கியது. திரையில் எழுத்து மாறியது.

ஓடுகிறது.

யாரும் தொடவில்லை என்று அர்த்தம். நாற்காலியில் ஆள் இல்லை என்று அர்த்தம்.

மவுஸை அசைத்தாள். கீபோர்டில் ஒரு விசையை அழுத்தினாள். இன்னொன்றை. பத்து விரலையும் வைத்து அழுத்தினாள். உள்ளங்கையால் குத்தினாள். சுற்றிலும் இருட்டில், மற்ற கணினிகளின் முன்னால், விசைகள் மெதுவாகத் தட்டப்படும் சத்தம் எழுந்தது. ஒழுங்காக. ஓய்வே இல்லாமல்.

அவளுடைய கணினியின் ஃபேன் நிற்கவில்லை.